மும்பை முதல் கொர்லை முனை வரை: பாய்மரப் படகில் ஒரு பகல்

7,500 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கடற்கரையைக் கொண்ட நாடு நம்முடையது. எனினும் அக்கரையைக் கடலிலிருந்து திரும்பிப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. மீனவரும் மாலுமிகளும் நாள்தோறும் காணும் காட்சி அது. மற்றவர்களுக்கோ கடல் என்பது மணற்பரப்பின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. சுற்றுலாத் தலங்களில் இயந்திரப் படகேறி அரைமணி நேரம் உலாவி வருவது எளிது. காற்றை நம்பி, பாய்மரப் படகில் ஒரு பகல் முழுவதும் கரையோரமாகச் செல்வது முற்றிலும் வேறான அனுபவம். அதில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு.

பொழுதுபோக்காகப் பாய்மரப் படகு செலுத்தும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. மும்பையில் இதற்கென அமைந்த ராயல் பம்பாய் யாட் கிளப் 1846-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த திலீப் தோண்டே 2009-10 ஆண்டுகளில் தனியொருவராகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியர் ஆனார். அபிலாஷ் டோமி 2012-13-இல் எந்தத் துறைமுகத்திலும் நில்லாமல் அதனைச் செய்து முடித்தார். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் 56 அடிப் படகில் புறப்பட்ட கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா ஆகிய இருவரும் உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் கரை சேர்ந்தனர். இவர்களுள் ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர் என்பது தமிழர்களாகிய நமக்குத் தனி மகிழ்ச்சி.

இத்தகைய வீரப் பயணங்களோடு ஒப்பிடத்தக்கதன்று எங்களுடையது. மும்பை அலுவலகங்களில் பணிபுரியும் நாங்கள் நால்வர், ஒரு ஜனவரி மாத விடுமுறையில், 38 அடி நீளமுள்ள பயிற்சிப் படகொன்றில் கேட்வே ஆஃப் இந்தியாவின் முன்பிருந்து தெற்கே முருட் வரை செல்லத் திட்டமிட்டோம். தொலைவு ஏறத்தாழ 40 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். நிலவுருண்டையின் அட்சரேகையில் ஒரு கலை அளவுக்குச் சமமானது. மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகமே ஒரு நாட். நல்ல காற்றில் எங்கள் படகு 5 நாட் வேகத்தில் செல்லும். மிதிவண்டியை மெதுவாக மிதிப்பவரும் எங்களை முந்திவிடுவார்.

ஒற்றைத் தாளில் ஒரு திட்டம்

படகின் தலைவர் வணிகக் கப்பல்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கொங்கணக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் துணையாகக் கோலி மீனவ குலத்து இளைஞர் ஒருவர். அவ்விளைஞர் தலைவரைத் 'தாண்டேல்' என்றே அழைத்தார். தூத்துக்குடித் தோணிகளின் தலைவரைத் தமிழில் 'தண்டல்' என்று குறிப்பிடுவது நினைவுக்கு வந்தது. நம் ஊர்க் கடைவீதிகளில் அச்சொல்லுக்கு நாள்வட்டிக் கடன் என்ற பொருளும் உண்டு என்று நாங்கள் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

முதல் நாள் மாலையில் அவர் ஒரு தாளை எடுத்துக் கோடிட்டார். எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்பது முதற்பத்தி. அங்கே இடையூறு நேரின் எந்தத் துறையில் ஒதுங்கலாம் என்பது இரண்டாம் பத்தி. எந்த மணிக்கு மேல் முன்னே செல்லக்கூடாது என்பது மூன்றாம் பத்தி. இயந்திரத்துக்கான டீசலையும் மூன்றாகப் பகுத்தார். ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு திரும்புவதற்கு. ஒரு பங்கு எதிர்பாராததற்கு. மூன்றாம் பங்கைத் திட்டத்தின் எந்த வரியிலும் அவர் சேர்க்கவில்லை.

உரிய அனுமதிகளைப் பெற்றபின், அத்தாளின் நகல் ஒன்று கரையிலுள்ள நண்பரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரவு எட்டு மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிடில், கடலோரக் காவல்படையின் 1554 என்னும் எண்ணை அவர் அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

தாளில் ஒரு வரியின்கீழ் மட்டும் இரட்டைக் கோடு போட்டிருந்தார்: 'கொர்லை முனை, பிற்பகல் 1.30.' அந்நேரத்துக்குள் முனையைக் கடக்காவிடில், முருட்டை விடுத்து அருகிலுள்ள ரேவ்தண்டாத் துறைக்குள் செல்வது என முடிவாயிற்று. அனைவரும் ஒப்புக்கொண்டோம். முதல் நாள் மாலையில், தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்து, அதனை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

ஓதத்தோடு புறப்பாடு

விடியற்காலை நான்கு மணிக்கு நங்கூரம் தூக்கப்பட்டது. அந்நேரம் காரணத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. அமாவாசைக்கு மறுநாள் அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் மிகுதி. சென்னைக் கரையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. மும்பையிலோ நான்கு மீட்டருக்கும் மேல். நள்ளிரவுக்குப் பின் உச்சத்தைத் தொட்ட நீர், நாங்கள் புறப்பட்ட வேளையில் துறைமுகத்திலிருந்து வெளியே வடிந்துகொண்டிருந்தது. அவ்வோட்டம் எங்கள் படகையும் தன்னோடு இழுத்துச் சென்றது.

கொலாபா முனைக்குத் தெற்கேயுள்ள பிராங்ஸ் பாறைக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு வெளிக்கடலை அடைந்தோம். முறைக்குக் காத்து நின்ற பெருங்கப்பல்களின் விளக்குகள் ஒரு சிற்றூர்போல் தோன்றின. பாய்மரப் படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் விதி. ஆனால் குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லவல்ல பெருங்கப்பலின் வழியில் பாய்மரப் படகு குறுக்கிடக்கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கும் பாய்மரப் படகே ஒதுங்க வேண்டும். உரிமையைச் சொல்லும் விதியை மட்டும் படித்துவிட்டுக் கடலுக்கு வருபவர் நெடுநாள் நிலைக்கமாட்டார் என்றார் தாண்டேல்.

இரவில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடும். கடல் அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. ஆகவே விடியல்வரை காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அந்த நிலக்காற்று எங்கள் இடப்பக்கத்திலிருந்து மென்மையாக வந்தது. இயந்திரத்தை நிறுத்திப் பாய்களை விரித்தபின், படகின் பக்கங்களை நீர் உரசிச் செல்லும் ஒலி மட்டுமே கேட்டது.

ஏழு மணியளவில், சகியாத்திரி மலைகளுக்குப் பின்னால் கதிரவன் எழுந்த வேளையில், கந்தேரித் தீவு எங்கள் அருகில் இருந்தது. 1679-இல் சத்ரபதி சிவாஜி இங்குக் கோட்டை எழுப்பத் தொடங்கியபோது, பம்பாயிலிருந்த ஆங்கிலேயர் தம் துறைமுகத்துக்கு இடையூறு எனக் கருதிப் போரிட்டனர். தீவைக் கைப்பற்ற அவர்களால் இயலவில்லை. 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் கந்தேரியும் ஒன்று. அதே பட்டியலில் நம் செஞ்சிக் கோட்டையும் இடம்பெற்றுள்ளது.

காற்று ஓய்ந்த மூன்றரை மணி நேரம்

ஒன்பது மணிக்கு அலிபாக்கின் குலாபாக் கோட்டைக்கு நேராக வந்தோம். நீர் வற்றும் வேளையில் கரையிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய கடற்கோட்டை அது. அங்கே காற்று நின்றுவிட்டது. நிலமும் கடலும் ஒரே வெப்பநிலையை எட்டும் முற்பகலில் இவ்வாறு காற்று ஓய்வது இக்கரையின் இயல்பு. பின்னர் நிலம் மேலும் சூடேற, கடற்காற்று வடமேற்கிலிருந்து எழும். இடைப்பட்ட நேரத்தை இயந்திரத்தால் கடந்துவிடலாம் என்பதே திட்டம்.

இயந்திரம் இருபது நிமிடம் ஓடியது. பின்னர் ஓர் அதிர்வு. உடனே அது நின்றது. எங்கிருந்தோ அறுந்து மிதந்து வந்த நைலான் கயிறு ஒன்று சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. கோலி இளைஞர் இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு நீரில் மூழ்கி, மூச்சுக்கு மூச்சு மேலே வந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அறுத்து அதனை எடுத்தார். விசிறி மீண்டும் சுழன்றது. ஆயினும் அதன் தண்டில் முன்பில்லாத ஒரு நடுக்கம் இருந்தது. அதனை ஆராய்ந்து பார்க்கும்வரை, அவசியமான இடத்தில் மட்டுமே இயந்திரத்தைப் பயன்படுத்துவது எனத் தாண்டேல் முடிவு செய்தார்.

இதற்குள் ஓதம் திரும்பிவிட்டது. ஏறும் நீர் படகை வடக்கே, வந்த வழியிலேயே தள்ளத் தொடங்கியது. அவ்விடத்தில் ஆழம் 10 மீட்டர் அளவே ஆதலால் நங்கூரம் இறக்கினோம். முன்னேறுவதற்கு வழியில்லாதபோது, அதுவரை ஈட்டிய தொலைவை இழக்காமல் காப்பதும் ஒரு வேலைதான் என்பதை அந்த நங்கூரம் எங்களுக்கு உணர்த்தியது. வெயில் ஏறியது. சற்றுத் தொலைவில் மீனவர்கள் டோல் வலைகளை இட்டிருந்தனர். ஓத நீரோட்டத்துக்கு எதிராக வாய் திறந்து நிற்கும் பை வடிவ வலை அது. 'பாம்பே டக்' எனப்படும் மீன் இதில்தான் பெரிதும் அகப்படும். அவர்கள் பரபரப்பின்றி நீர் திரும்பும் நேரத்துக்காகக் காத்திருந்தனர்.

பகல் 12.40-க்கு மேற்கே கடலின் நிறம் கருத்தது. சில நிமிடங்களில் பாய்கள் படபடத்தன. நங்கூரத்தை ஏற்றி, கொர்லையை நோக்கிய ஆறு மைல் தொலைவை ஓடத் தொடங்கினோம்.

இரண்டு மணிக்கு எடுத்த முடிவு

கொர்லை முனையின் முன் நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. குறித்த நேரத்துக்கு அரைமணி பிந்தியிருந்தோம். ஆனால் காற்றோ அன்றைய நாளின் மிகச் சிறந்த காற்று. பின்பக்கத்திலிருந்து சீராகத் தள்ளியது. படகு 5 நாட்டுக்கும் மேலான வேகத்தில் சென்றது. முருட்டுக்கு இன்னும் 13 மைல். எங்களுள் இளையவரான கடன் பிரிவு அதிகாரி உடனே கணக்கிட்டார்: இரண்டரை மணி நேரம் போதும், நான்கரைக்குச் சேர்ந்துவிடலாம், சூரியன் மறைய 6.20 ஆகும். எஞ்சிய மூவருக்கும் அதுவே சரியெனத் தோன்றியது.

தாண்டேல் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். அவருடைய கணக்கு வேறு. காற்று தளர்ந்து வேகம் மூன்றரை நாட்டாகக் குறைந்தால் முருட்டுக்கு 3 மணி 45 நிமிடம் ஆகும். ஒன்றரை மணிக்கு முனையைக் கடந்திருந்தால் 5.15-க்குச் சேர்ந்து, இருட்டுமுன் ஒரு மணி நேரம் கையிருப்பு இருக்கும். இரண்டு மணிக்குக் கடந்தால் கையிருப்பு அரைமணியாகச் சுருங்கிவிடும். முருட்டுக்கு எதிரே பத்மதுர்க், ஜஞ்சீரா ஆகிய கடற்கோட்டைகளைச் சூழப் பாறைகள் உண்டு; விளக்கில்லாத வலை மிதவைகளும் உண்டு. நம்பத்தக்க இயந்திரமின்றி இருட்டில் அங்கு நுழைவது தகாது.

மேலும் ஒன்று. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிராகச் செல்ல இயலாது. ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து, இப்புறமும் அப்புறமுமாக மாறி மாறியே முன்னேற வேண்டும். காற்றுக்கு எதிரே 10 மைல் செல்ல 14 மைல் ஓட வேண்டியிருக்கும். இப்போது எங்களை விரைவாக முன்னே தள்ளும் இதே காற்று, திரும்ப நினைத்தால் எதிரியாகிவிடும். ரேவ்தண்டாவின் குண்டலிகா ஆற்று முகத்திலோ மணல் திட்டுகள் உள்ளன. இப்போது நீர் உயர்ந்து நிற்கிறது, மாலைக்குள் வடிந்துவிடும். எனவே முன்னே சென்றபின் இந்தக் கதவு மூடப்பட்டுவிடும்.

இளையவர் விடவில்லை, காற்று இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்றார். தாண்டேல் சினம் கொள்ளவில்லை. நேற்று மாலை இந்த நேரத்தைக் குறித்தபோது நம்மில் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. இப்போது போய்ச் சேரும் ஆசை வந்துவிட்டது. எந்தப் பொழுதில் எடுத்த முடிவை நம்பலாம் என்று மட்டும் கேட்டார். பின்னர் சுக்கானைத் திருப்பினார். முக்கால் மணி நேரத்தில் ஆற்று முகத்துக்குள் நுழைந்து நங்கூரமிட்டோம்.

ரேவ்தண்டாவில் போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டை மதில்கள் தென்னந்தோப்புகளுக்கிடையே இன்றும் நிற்கின்றன. ஆற்றின் மறுகரையிலுள்ள கொர்லைச் சிற்றூரில், போர்த்துக்கீசியமும் மராட்டியும் கலந்து பிறந்த மொழி ஒன்று இன்றளவும் வீடுகளில் பேசப்படுகிறது. மாலைவரை நாங்கள் காற்றைக் கவனித்தபடியே இருந்தோம். உண்மையைச் சொல்வதாயின், அது தளரவே இல்லை. சூரியன் மறையும்வரை அதே சீரில் வீசியது. முருட் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிப் படகினரும் கடல் நன்றாகவே இருந்தது என்றனர். சென்றிருந்தால் நான்கரைக்குச் சேர்ந்திருப்போம்.

அப்படியாயின் ஒதுங்கியது வீண்தானே என்று இளையவர் மீண்டும் கேட்டார். தாண்டேல், சேர்ந்திருப்போம் என்பது இப்போதுதானே தெரிகிறது என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தின் தண்டை ஆராயக் கீழே இறங்கினார். மறுநாள் நீர் ஏறும்வரை காத்திருந்து, முற்பகலில் புறப்பட்டு, பிற்பகலில் முருட் சேர்ந்தோம். எதிரிகள் எவராலும் கைப்பற்றப்படாத ஜஞ்சீராவின் மதில்கள் அலைகளின் நடுவே எங்களை வரவேற்றன.

சட்டமும் குடும்பமும்

எங்கள் பணியோடு தொடர்புடைய 1963-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில் இரண்டு கோட்பாடுகள் உண்டு. பயணத்துக்கான காப்பீட்டில், புறப்படும் வேளையில் கலம் கடற்பயணத்துக்குத் தகுதியுடையதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. கலம் தக்க காரணமின்றி வழி விலகினால் காப்பீட்டாளரின் பொறுப்பு நீங்கிவிடும் என்பது மற்றொன்று. ஆனால் கலத்தின் பாதுகாப்புக்காக விலகுவது தக்க காரணம் என்று அச்சட்டமே ஏற்கிறது. காரணம் நீங்கியதும் தாமதமின்றிப் பழைய வழிக்குத் திரும்ப வேண்டும் என்றும் விதிக்கிறது. இவ்விதிகளை நாங்கள் தேர்வுக்காகப் படித்தவர்கள். ரேவ்தண்டாவில் நங்கூரமிட்டு, மறுநாள் மீண்டும் பாய் விரித்தபோதுதான் அவற்றின் உட்பொருள் விளங்கியது.

கிளைகளில் எங்களைச் சந்திக்கும் வாடிக்கையாளர்களிடம் ஒரு மனக்குறையை நாங்கள் அடிக்கடி கேட்பதுண்டு. பத்தாண்டு காப்பீட்டுத் தவணை கட்டினோம், எதுவும் நேரவில்லை, பணம் வீண். அவசரச் செலவுக்கென்று ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியே வைத்தோம், அதனை எடுக்கவே இல்லை, வேறெங்காவது போட்டிருந்தால் பெருகியிருக்கும். இக்கணக்கு முடிவைப் பார்த்தபின் போடப்படும் கணக்கு. முடிவு தெரியாத நாளில், கையிலுள்ள செய்திகளைக் கொண்டு எடுத்த முடிவு சரியாக இருந்தால், பின்னர் காற்று நன்றாகவே வீசியது என்பதற்காக அது தவறாகிவிடாது. அவ்வாறே, துணிந்து சென்று தப்பிப் பிழைத்தவரின் முடிவும் அதனாலேயே சரியாகிவிடாது.

கடன் வாங்குவதும் காற்றோடு ஓடுவதைப் போன்றதே. முன்னே செல்வது இனிது, எளிது. திரும்புவதற்குத்தான் கூடுதல் தொலைவு. மாதத் தவணை வருமானத்தில் எவ்வளவு வரை போகலாம், ஒரு முதலீட்டில் எந்த அளவு இழப்பு வரை பொறுக்கலாம் என்பவற்றை வீட்டில் அமைதியாக அமர்ந்து, குடும்பத்தாரோடு கலந்து, ஒரு தாளில் எழுதி வைப்பது நன்று. விற்பனையாளர் எதிரில் இருக்கும்போதோ, சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போதோ அந்த எல்லையைப் புதிதாக வகுக்க முற்படலாகாது. எழுதிய தாளின் நகல் ஒன்று நம்பிக்கைக்குரிய மற்றொருவரிடமும் இருக்கட்டும்.

கடற்பயணம் மேற்கொள்ள விரும்புவோர்க்கு ஓரிரு குறிப்புகள். கொங்கணக் கரையில் மழைக்காலம் நீங்கிய அக்டோபர் முதல் மே வரையே ஏற்ற பருவம். புதியவர்களுக்கு டிசம்பர், ஜனவரி மாதங்கள் உகந்தவை. உரிய அனுமதி பெற்ற பயிற்சி நிலையங்களின் படகில், அனுபவம் மிக்க தலைவரோடு மட்டுமே செல்லுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணிந்து பாருங்கள். தொப்பியும் குடிநீரும் மறவாதீர்கள். படகில் ஏறுமுன், எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தலைவரிடம் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் விடை சொல்பவரின் படகில் ஏறலாம்.